சோப்பு பஸ்ஸும் சூட்கேஸ் சாரும்

வளைகுடாவில் இருக்கும் மொத்தப் பயத்தையும் ஒரே ஆள் குத்தகைக்கு எடுத்திருந்தார் என்றால், அது எங்கள் சூட்கேஸ் சார்தான். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், புஜைராவில் ஒரு மருந்துக் கம்பெனி லேபில் எனக்கு சீனியர். திருநெல்வேலிக்காரர். எந்த நேரமும் விசாவை கேன்சல் செய்துவிடுவார்கள் என்று, துணிமணி அடுக்கிய சூட்கேஸோடுதான் நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பிலிருந்து பஸ்ஸில் டூட்டிக்கு வருவார். மேனேஜருக்கு குட்மார்னிங் சொல்லவும் பயம்; சொல்லாமல் இருக்கவும் பயம். அதனால் அவரைக் கண்டதும் தும்மிவிடுவார்.

பயம் ஒட்டுவாரொட்டி. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே மேனேஜரின் பூட்ஸ் சத்தம் கேட்டால் எனக்கும் தும்மல் வர ஆரம்பித்தது.

அப்போது, தண்ணீரில் கரையாத ஒரு மருந்தைச் சொட்டு மருந்தாக்கும் வேலை. கரைப்பதற்கு சோப்பு மாதிரி ஒரு சரக்கைச் சேர்ப்போம். கண்ணாடிக் குடுவையின் நடுவே பொடிப்பொடித் துளைகளோடு ஒரு சவ்வு. மருந்து அதைத் தாண்டி அந்தப் பக்கம் போனால்தான் உடம்புக்குள்ளும் இறங்கும் என்று கணக்கு. மேனேஜருக்குக் கலங்கல் பிடிக்காது. சோப்பைக் கூட்டு, இன்னும் கூட்டு என்றார். கூட்டினேன். பன்னீர் மாதிரி தெளிந்துவிட்டது. எல்லாருக்கும் சந்தோஷம். சார் மட்டும் என்னை ஓரமாக இழுத்துப் போனார்.

“சோப்பு கூடுச்சுன்னா அது கும்பலா சேந்து உருண்டை கட்டிரும் தம்பி. மருந்து அதுக்குள்ள ஏறி உக்காந்துக்கிடும். நம்ம கேம்ப் பஸ்ஸு கடைத்தெரு சந்துக்குள்ள நுழையுமா? எறங்குனவன்தான போவான். இங்க எவனும் எறங்கலயே.”

மேனேஜரிடம் சொல்லுங்களேன் என்றேன். அதற்கும் தும்மினார்.

ரிசல்ட் வந்தது. சவ்வைத் தாண்டிய மருந்து பேருக்குத்தான். கலக்கியவன் யார் என்று மேனேஜர் குதித்தார். கலக்கச் சொன்னவர் யார் என்பது அவருக்கு வசதியாக மறந்துபோயிற்று. என்னை ஊருக்கு அனுப்பப் போவதாக ஆபீஸில் பேச்சு. ஊரில் அப்பாவின் டயாலிசிஸ் என் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சார் எழுந்தார். சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குள் போனார். உள்ளே முதலில் ஒரு தும்மல் கேட்டது. பிறகு தன் ஓட்டை இந்தியில், பையன் மேல் தப்பில்லை, சோப்புதான் அதிகம், அனுப்புவதென்றால் என்னை அனுப்புங்கள், பெட்டி தயார் என்றார்.

இத்தனை நாள் மேஜைக்கடியில் ஒளிந்திருந்த பெட்டியைப் பார்த்த மேனேஜர் அரண்டுபோனார். சவ்வு வேலை தெரிந்த ஒரே ஆள் போட்டிக் கம்பெனிக்குக் கிளம்பிவிட்டார் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. சோப்பைக் குறைத்துப் பாருங்கள் என்று அவரே இறங்கி வந்தார். குறைத்ததும் மருந்து ஒழுங்காகத் தாண்டியது, அது அப்புறம்.

அன்று வெளியே வந்த சாரின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. பயமாக இல்லையா என்று கேட்டேன்.

“உசுரே போயிட்டு தம்பி. ஆனா நீ போயிட்டா, நான் யாருகூட இருந்து பயப்படுவேன்?”

மறுநாளிலிருந்து கேம்ப் பஸ்ஸில் அந்தச் சூட்கேஸ் என் மடியில்தான் வந்தது.