நகரக் கூடாத கப்பல்

ஹூக்ளி நதியில் கட்டிக் கிடக்கும் எங்கள் சொகுசுக் கப்பல் மூன்று முதலாளிகளைக் கண்டிருக்கிறது, மூன்று பெயர்களைச் சுமந்திருக்கிறது. படகுத்துறையை விட்டு ஒரே ஒரு முறைதான் நகர்ந்திருக்கிறது என்பதைத் தவிர அதன் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

அதன் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்தவள் நான், வசந்தி. ஹௌராவில் ரயில்வேயில் இருந்த அப்பா, "நகராத வண்டியில என்னம்மா உத்தியோகம்?" என்று கேட்பார். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறதே, அது போதாதாக்கும்!

முதல் முதலாளி அரசாங்கத் துறை. கப்பலின் பெயர் 'ஜலராணி'. தூத்துக்குடிக்காரர் ஃபிராங்க்ளினைக் கேப்டனாகப் போட்டார்கள். வெள்ளை உடுப்பு கொடுத்தார்கள், தங்கப் பட்டை கொடுத்தார்கள், டீசல் மட்டும் கொடுக்கவில்லை. கேட்டுப் பார்க்க ஃபிராங்க்ளின் அலிப்பூரிலிருந்த துறை ஆபீஸுக்குப் போனார். வங்காளம் பேச நான் துணை.

"கப்பல் ஓடினால் டீசல் தருவோம்," என்றார் அதிகாரி பிஸ்வாஸ் பாபு, சந்தேஷ் மிட்டாயைக் கடித்துக்கொண்டே.

"டீசல் தந்தாத்தான சார் ஓடும்?"

"ஓடாத கப்பலுக்கு டீசல் கொடுத்தால், அது எங்கே போயிற்று என்று ஆடிட்டில் கேட்க மாட்டானா?"

யோசித்துப் பார்த்தால் அதிலும் நியாயம் இருந்தது. எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

வெளியே வந்ததும் ஃபிராங்க்ளின் முகம் தொங்கிப்போயிற்று. "கப்பல் ஓட்டினேன்னு காட்டாம லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டாவ மேடம். லைசென்ஸ் போச்சுன்னா வேலை போச்சு. மக காலேஜுல படிக்கா," என்றார். எனக்குப் பாவமாக இருந்தது.

துறை கப்பலைக் கைகழுவியது. அடுத்து வந்தவர் கல்யாண கான்ட்ராக்டர். கப்பல் 'ஓஷன் எம்ப்ரஸ்' ஆயிற்று, மேல்தளம் கல்யாண மண்டபம் ஆயிற்று. மண்டபம் நகர்ந்துவிட்டால் தாமதமாக வரும் சம்பந்தி வீட்டார் எங்கே ஏறுவார்கள்? எனவே கூடுதல் கயிறு போட்டு இறுகக் கட்டினார். கேப்டன் உடுப்பு கம்பீரமாக இருந்ததால் ஃபிராங்க்ளின் வாசலில் நின்று பன்னீர் தெளித்தார்.

மூன்றாவது முதலாளி அபிநவ். நியூ டவுனில் ஐ.டி. வேலையை உதறிவிட்டு ஞானம் பெற்றவர், செருப்புப் போட மாட்டார். கப்பலுக்கு 'நிச்சலா', அதாவது அசையாதவள், என்று பெயர் வைத்தார். "உலகமே ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் அசைய மாட்டோம். இதுதான் உண்மையான பயணம்," என்று விளம்பரம் செய்தார். டிக்கெட் விலையை இரட்டிப்பாக்கியதும் கூட்டம் தாங்கவில்லை. நியூ டவுனிலிருந்து ஆப் டாக்சி பிடித்து, நெரிசலில் மூச்சு முட்ட வந்து, எங்களிடம் அசையாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

"சார், ஒருக்கா அக்கரை வரைக்கும் ஓட்டிக்கிடுதேன். லைசென்ஸ் முடியப் போவுது," என்று கெஞ்சினார் ஃபிராங்க்ளின்.

"பிராண்டே போய்விடும், கேப்டன். உங்களுக்குள் ஓட்டிப் பாருங்கள்," என்றார் அபிநவ்.

அடுத்த பௌர்ணமிக்குத்தான் பான் வந்தது. கடலிலிருந்து ஆற்றை எதிர்த்து ஏறிவரும் பெரிய அலைக்கு இங்கே பான் என்று பெயர். அது வருகிறது என்றால் படகுக்காரர்கள் கட்டை அவிழ்த்துக்கொண்டு நடு ஆற்றுக்குப் போய்விடுவார்கள். கரையோடு கட்டிக் கிடந்தால் மோதி நொறுங்க வேண்டியதுதான்.

"பான் ஆஷ்சே!" பான் வருகிறது என்று ஆற்றில் கூச்சல். எங்கள் மேல்தளத்திலோ மௌன நேரம். அபிநவ் கண்ணை மூடியிருந்தார், எழுப்பக் கூடாது என்பது விதி.

"இவருகிட்டக் கேட்டுக்கிட்டு இருந்தா அம்புட்டு பேரும் செத்தோம் மேடம்! கயித்த அறுக்கச் சொல்லுங்க!" என்று கத்தியபடி ஃபிராங்க்ளின் மேலே சுக்கான் அறைக்கு ஓடினார். ஏசி ஜெனரேட்டருக்கு வாங்கிய டீசலில் இன்ஜின் இருமியது, செருமியது, கிளம்பிவிட்டது! கப்பல் நடு ஆற்றுக்குப் போய், அலைமேல் ஏறி, பதமாக இறங்கியது. ஒருவருக்கும் கீறல் இல்லை. நான் அழுதே விட்டேன்.

திரும்பியதும் மிருதுளா என்ற பயணி என் மேஜையைத் தட்டினாள். "அசையாம இருக்கத்தானே பணம் கட்டினோம்? அசைஞ்சிடுச்சே! ரீஃபண்ட் குடுங்க." அன்று மாலைக்குள் எல்லாரும் இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டார்கள். காரணம்: 'கப்பல் ஓடியது.'

விசாரணை நடந்தது. சாட்சி நான்தான். ஓடியதா என்றார்கள், ஓடியது என்றேன். உள்ளதைத்தானே சொன்னேன்? 'கேப்டன் கப்பலைத் தன்னிச்சையாக ஓட்டியது ஐயமற நிரூபணமாகிறது' என்று தீர்ப்பு எழுதினார்கள். அதைக் காட்டி ஃபிராங்க்ளின் லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டார். அதையே காட்டி அபிநவ் அவரை வேலையைவிட்டு நீக்கினார். ஃபிராங்க்ளின் உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "நீங்க நல்லா இருங்க மேடம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலியான இடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

"கப்பல் ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"ஓட்டிப் பார்க்கும் எண்ணம் ஏதாவது?"

"சத்தியமாக் கிடையாது."

அன்றே நியமன உத்தரவு வந்தது. உடுப்பைக் கொஞ்சம் பிடித்துத் தைத்தேன், தங்கப் பட்டை எனக்கு எடுப்பாகவே இருக்கிறது. முதல் வேலையாகக் கயிற்றுக்குப் பதில் இரும்புச் சங்கிலி போடச் சொன்னேன். அபிநவ் கைதட்டினார்.

வரும் பௌர்ணமிக்கு 'பான் தரிசனம்' என்று தனி டிக்கெட் போட்டிருக்கிறோம். கப்பலில் அசையாமல் உட்கார்ந்தபடியே பெரிய அலையை வரவேற்கலாம். மிருதுளா சிநேகிதிகளோடு வருகிறாள், பிஸ்வாஸ் பாபு குடும்பத்தோடு வருகிறார். கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. நீங்கள் சொன்னால் உங்களுக்கும் எப்படியாவது ஓர் இடம் பார்க்கிறேன்.

நான் அன்றைக்கு லீவு.