மகள் வருகைக்கான மாபெரும் உணவுத் திட்டம்

உலகில் படையெடுப்புத் திட்டங்கள் பல உண்டு. ஹாங்காங்கில், வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைக்குச் சாப்பாடு போடும் திட்டத்தின் முன் அவையெல்லாம் குழந்தை விளையாட்டு.

மோக் வீ-காங் படகுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஐந்து வருஷத்துக்குப் பிறகு மகள் பூய்-ஷான் டொரான்டோவிலிருந்து நான்கு நாள் லீவில் வருகிறாள். எதிரில் உட்கார்ந்து அவள் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. இதற்காகத் தேநீர்க் கடையில் "உயர்மட்டக் கூட்டம்" கூட்டினார். வந்திருந்தவர் அவர் தங்கை போ-லான் மட்டும்.

"அண்ணே, சுட்ட வாத்து சாப்பிட்டதும் புள்ளைய கொஞ்சம் உக்கார விடுங்க."

"உக்காரட்டுமே. அடுத்து போற வான்டான் நூடுல்ஸ் கடையில நாற்காலி இருக்கு."

"வீட்டுக்கு எப்ப வருவா?"

"தூங்க."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஒரே ஒரு சிக்கல். நல்ல கடை என்றால் வாசலில் வரிசை நிற்கும். வரிசை இல்லாத கடையை அந்த ஊரில் யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. மகளை வெயிலில் நிறுத்த, பெற்ற மனம் கேட்குமா? வரிசையில் நிற்கும் திருப்பணியை மோக் தாமே ஏற்றுக்கொண்டார்.

திட்டம் அற்புதமாக ஓடியது. பூய்-ஷான் அத்தையோடு வாத்து தின்றபோது, மோக் அடுத்த தெருவில் வான்டான் கடை வாசலில் நின்றார். அவர்கள் வந்ததும் இடத்தை ஒப்படைத்துவிட்டு இனிப்புக் கடைக்கு ஓடினார்.

"ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கப்பா."

"இப்ப போகலேன்னா இடம் போயிடும்மா. நீ ஆறறதுக்குள்ள சாப்பிடு."

சட்டைப்பையில் இருந்த பன்னை நின்றபடியே தின்றார். மகளின் படிப்பு, வேலை, சமர்த்து எல்லாவற்றையும் முன்னால் நின்ற முகம் தெரியாதவர்களிடம் பெருமையாகச் சொன்னார். மகளிடம் பேசத்தான் நேரமில்லை, பாவம். நிர்வாகம் என்றால் சும்மாவா?

கடைசி நாள் விமான நிலையத்திலும் கடமை தவறவில்லை. கஞ்சிக் கடை வரிசையில் போய் நின்றுகொண்டார். சோதனைக்கு உள்ளே போகும் நேரம் வந்ததும் பூய்-ஷான் பெட்டியோடு அவரிடமே வந்தாள்.

"முன்னால ரெண்டே பேரும்மா. இதோ கிடைச்சிடும்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றாள்.

"எல்லாமே ருசியா இருந்துச்சுப்பா. அடுத்த தடவை வந்தா, உங்களோட சாப்பிட எந்த வரிசையில நிக்கணும்னு மட்டும் சொல்லிடுங்க."