இரவல் நாக்கு

பெங்களூர் தண்டில், அதாவது கண்டோன்மெண்டில், வெள்ளைக்காரர்கள் குடித்த பீர் முழுவதும் எங்கள் ‘அப்புறம்’ உத்தரவு கொடுத்த பிறகுதான் அவர்கள் தொண்டையில் இறங்கியது. சீமைச் சரக்குக் கிடங்கில் ருசி பார்ப்பது அவர் உத்தியோகம். ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை; ‘அப்புறம்’ என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர். ஒரு வாய் பருகிவிட்டு, "அப்புறம்?" என்று தன்னையே கேட்பார். பதில் சொல்லிக்கொண்டு மறுபடியும் "அப்புறம்?" என்பார். எதிர் மேஜையில் கடிதம் எழுதும் குமாஸ்தாவான எனக்கு அந்த விசாரணையைக் கேட்டே பாதிப் பைத்தியம் பிடித்திருந்தது.

வீட்டிலும் இதே கதைதான். குழம்பை வாயில் வைத்துக்கொண்டு அவர் யோசிப்பதைச் சகிக்காமல், சம்சாரம் இரண்டு தடவை ஜீவனஹள்ளி வீட்டை விட்டுத் தாய் வீட்டுக்குப் போய்விட்டார்.

யுத்தத்துக்கு முந்தி ஒரு வருஷம், அவர் பேச்சை நம்பி எங்கள் துரை பெல்ஜியத்திலிருந்து பன்னிரண்டு பெட்டி கறுப்பு ஏல் பீர் வரவழைத்தார். அங்கே மடத்துச் சாமியார்கள் காய்ச்சுகிற வகை. அது வந்து சேர்ந்ததோ தவசு காலத்தில். ஈஸ்டர் வரைக்கும் விரதம்; அப்புறத்தின் நாக்கில் ஒரு சொட்டுப் படாது. அந்த நாற்பது நாளும் மூக்கை வைத்தே உத்தியோகம் பார்ப்பார்.

அதனால் துரையே ருசி பார்க்க உட்கார்ந்தார். ஊற்றும் வேலை எனக்கு. புட்டியின் மேலே சாமியார் படம், அடியிலே வண்டல். ஆஸ்பத்திரி மருந்தைக் குலுக்கிக் குடித்து வளர்ந்தவன் கை சும்மா இருக்குமா? நன்றாகக் குலுக்கினேன். திறந்ததும் பாதி துரையின் சட்டைக்குப் போனது. மீதி சேறு. துரை ஒரு வாய் வைத்துத் துப்பினார். சரக்கு கெட்டுவிட்டது, சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டிவிட்டு அப்புறமும் வேலையை விட்டு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

நான் குலுக்கியதை அப்புறம் பார்த்திருந்தார். துரையிடம் மூச்சுவிடவில்லை. வீட்டில் ஐந்து பிள்ளைகள் இருந்த மனுஷன் அவர். எனக்கு வெட்கமாக இருந்தது.

"முதலியாரே, ஒங்க நாக்கக் கொஞ்சம் இரவல் குடுங்க" என்றார்.

அதுவரை மதுவை நான் தொட்டதில்லை. என் தகப்பனாருக்குத் தெரிந்தால் தலை முழுகிவிடுவார். ஆனாலும் குற்றம் என்னுடையது. அப்புறம் வேறொரு புட்டியை அசைக்காமல் எடுத்து, வாய் அகன்ற கிளாஸில் மெல்லச் சாய்த்து ஊற்றி, வண்டல் வருமுன் நிறுத்தினார். முகர்ந்து பார்த்துத் தலையசைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தேன்.

"என்னா தெரியுது?"

"கருப்பட்டி."

"அப்புறம்?"

"பேரீச்சம்பழம். ரொட்டியோட கருகின ஓரம்."

"அப்புறம்?"

"கடைசில லேசாக் கசக்குது."

"புளிக்குதா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்குது."

அதையே இங்கிலீஷில் எழுதி, நான் குலுக்கியதையும் சேர்த்து எழுதி, இன்னொரு கிளாஸோடு துரையிடம் கொண்டுபோனேன். துரை படித்தார், குடித்தார், இன்னொன்று கேட்டார். பெட்டிகளும் தப்பின, அப்புறத்தின் வேலையும் தப்பியது. என்னைத் துரை ஒரு மாதம் திட்டினார்.

ஈஸ்டருக்கு மறுநாள் அப்புறம் தனக்கென்று ஒரு கிளாஸ் ஊற்றிக்கொண்டார். என் நாக்கு பொய் சொல்லியிருந்தால் என்ன ஆவது? குடித்துவிட்டுக் கிளாஸை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். பொறுக்க முடியாமல் நானே "அப்புறம்?" என்றேன்.

"கிராம்பு இருக்குது முதலியாரே. அத மட்டும் உட்டுட்டீங்க."

அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. இன்றும் காலைக் காப்பியில் ஒரு வாய் குடித்ததும், அந்தக் கேள்வியை அவர் கேட்கட்டும் என்று கொஞ்சம் காத்திருக்கிறேன்.