கண்ணைச் சிமிட்டச் சொன்ன கம்பெனி

என்னை யாரும் சுலபமாக ஏமாற்ற முடியாது. ஏமாற்ற வராதவர்களையும் சேர்த்தே விரட்டிவிடுவேன், அதுதான் சிக்கல்.

நெய்வேலி குவார்ட்டர்ஸின் முன்னறையில் நானும் முத்தாண்டிக்குப்பத்துச் செல்வியும் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த காலம். டவுன்ஷிப்பில் கூட்டிப் பெருக்கும் பெண்களுக்கு நீலக் கோட்டு தைக்க டெண்டர் வந்தது. கிடைத்தால் வருஷம் முழுக்க வேலை. அதை நம்பி, கம்மாபுரத்தில் ஒரு தையல் கடையில் கூப்பிட்ட வேலையைச் செல்வி வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

டெண்டரை ஆன்லைனில்தான் போட வேண்டும், அதற்கு டிஜிட்டல் கையெழுத்து வாங்க வேண்டும் என்றார் பஜாரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த அண்ணாச்சி.

"என் கையெழுத்தை நான் எதுக்கு அண்ணாச்சி வாங்கணும்?"

"இது நீங்கதான்னு ஒரு கம்பெனி சான்றிதழ் கொடுக்கும்மா."

"நான் நான்தான்னு சொல்ல அவன் யாரு?"

"அரசாங்கம் லைசன்ஸ் கொடுத்த கம்பெனிம்மா. அதுக்குச் சட்டம் இருக்கு. எல்லாரையும் கண்காணிக்க டெல்லியில கன்ட்ரோலர் இருக்காரு."

"அவரை யாரு கண்காணிக்கிறா?"

அண்ணாச்சி ஒரு டீ சொன்னார். (எனக்கல்ல, அவருக்கு.) "வீடியோ கால் வரும். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க, போதும்" என்றார்.

டெண்டர் முடிவதற்கு முந்தின நாள் கால் வந்தது. ஓர் இளைஞன் பேர் கேட்டான், சொன்னேன். பான் கார்டைக் காட்டச் சொன்னான்; பாதியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு காட்டினேன். விரலை எடுக்கச் சொன்னபோதே எனக்குப் பொறி தட்டியது.

"மேடம், நேரா பாருங்க. இப்ப கண்ணைச் சிமிட்டுங்க."

செல்வி மெஷினை நிறுத்தினாள். "யாருக்கா அவன்? கண்ணடிக்கச் சொல்லிகினு இருக்கான்?"

அவ்வளவுதான், எனக்குச் சாமி வந்துவிட்டது. அக்கா தங்கச்சியோடு பிறக்கவில்லையா என்று ஆரம்பித்து, மைன்ஸில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் கையில் கிடைத்தால் என்ன ஆவாய் என்பதுவரை போனேன். (அவர் கரப்பான்பூச்சிக்கே வழிவிட்டு நடப்பவர்.)

"மேடம், நிஜ ஆளா, போட்டோவான்னு பார்க்கத்தான்... இது ரெக்கார்டு ஆகுது மேடம்."

"ஆகட்டும்டா. போலீசுக்குச் சாட்சி வேணும்ல."

சாயங்காலம் அண்ணாச்சி போன் செய்தார். விண்ணப்பம் நிராகரிப்பாம். காரணம்: ஆள் உயிரோடு இருப்பது உறுதியாகவில்லை. அத்தனை கத்தியும்!

மறுபடி விண்ணப்பித்து, இந்த முறை ஒரு பெண்ணிடம், கேட்டதற்கு மேலேயே சிமிட்டினேன். சான்றிதழ் வந்து சேர்ந்தபோது டெண்டர் மூடிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. செல்வி கம்மாபுரம் போய்க் கேட்டுப் பார்த்தாள். கடையில் வேறு ஆள் வைத்துவிட்டார்களாம். நான் ஒரு வாரம் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

அந்த மாதிரி பதிவுகளை ஏழு வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், தணிக்கைக்கு வருகிறவர்கள் கேட்டால் காட்ட வேண்டும், அதுதான் சட்டம் என்று அண்ணாச்சி பிறகு சொன்னார். ஏழரைச் சனிக்கு அரை வருஷம்தான் குறைச்சல். இன்றும் நான் குரலை உயர்த்தினால் வீட்டுக்காரர் பவ்யமாக, "ரெக்கார்டு ஆகுது மேடம்" என்பார். பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள்.

செல்வி இன்னும் என்னோடுதான் தைக்கிறாள். கூட்டுகிற பெண்கள் எங்கள் வாசலைத் தாண்டிப் போகும்போது மட்டும், தைக்கிற துணியிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வாள்:

"அக்கா, நம்ம கோட்டு போவுது பாருங்க."