சிந்தனை வாயில்

குறைகளைத் தீர்ப்பது சாதாரண மனிதர்களின் வேலை. குறைகளே பிறக்காமல் செய்வது அவதார புருஷர்களின் வேலை. அந்த அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், குளிரூட்டிய கண்ணாடி அறைக்குள், அப்படி ஒருவர் அவதரித்திருந்தார். பதவி, கணினிப் பிரிவுத் தலைவர். ஊழியர்கள் வைத்த பெயர், புதிர் சார்.

சார் நல்லவர். யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். ஓய்வு நேரத்தில், அதாவது அலுவலக நேரத்தில், வண்ணக் கனசதுரத்தைத் திருகுவார். கணினியோடு சதுரங்கம் ஆடித் தோற்று, அதன் திறமையை மனதாரப் பாராட்டுவார். வாரந்தோறும் ‘கணினியும் கண்ணியமும்’ என்று எல்லோருக்கும் ஓர் அறிவுரை மடல் அனுப்புவார். “கடவுச்சொல்லை எங்கும் எழுதாதீர்கள், மனத்திலும் நெடுநேரம் வைத்திருக்காதீர்கள்.” “கணினி நின்றுவிட்டால் பதறாதீர்கள். அதற்கு முன் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று உங்கள் மனசாட்சியைக் கேளுங்கள்.”

அவருடைய தலைசிறந்த படைப்பு ‘சிந்தனை வாயில்’ என்ற குறைப்பதிவு இணையப்பக்கம். முன்பெல்லாம் மவுஸ் நகரவில்லை, பிரிண்டர் காகிதத்தை மென்று துப்புகிறது என்று யாராவது வந்து புலம்பிக்கொண்டே இருப்பார்கள். சார் ஒரே ஒரு சீர்திருத்தம் செய்தார். குறையைப் பதிய வேண்டுமா? முதலில் ஒரு புதிரை விடுவிக்க வேண்டும். தப்பாக விடுவித்தால், அதைவிடக் கடினமான புதிர் வரும்.

அற்புதம் நிகழ்ந்தது. அன்றிலிருந்து ஒரு குறைகூடப் பதிவாகவில்லை. சரக்குப் பிரிவின் விசைப்பலகையில் ஒன்பது விழாது. அவர்கள் எதையும் எட்டாகவோ பத்தாகவோ வாங்கப் பழகிக்கொண்டார்கள். பிரிண்டரை எந்த இடத்தில் தட்டினால் ஓடும் என்று வரவேற்பறைப் பெண் மற்றவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். பூரித்துப்போன இயக்குநர் ‘குறையற்ற அலுவலகம்’ என்று பொறித்து ஒரு கேடயம் செய்யச் சொன்னார். அதை வழங்கும் விழா அன்று மாலை நாலே முக்காலுக்கு.

நாலரை மணிக்குக் கண்ணாடிக் கதவு தட்டப்பட்டது. வெளியே கணக்குப் பிரிவு அக்கா, முகமெல்லாம் வேர்வையாக நின்றார்.

“தம்பி, என் கம்ப்யூட்டர் பூட்டிக்கிச்சு. பாஸ்வேர்டைத் தப்பாப் போட்டுட்டேன்.”

“பதறாதீங்க அக்கா. சிந்தனை வாயில்ல பதிஞ்சீங்களா?”

“பதியவிட்டாத்தானே! பொண்ணோட நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் போட்டுட்டு இருந்தேன் தம்பி. இயக்குநர்கிட்ட கேட்டுட்டுத்தான் போட்டேன். அஞ்சு மணியோட முடிஞ்சுடும். விட்டா ஒரு வருஷம் போச்சு.”

சார் நெகிழ்ந்தார். இருந்த இடத்திலிருந்தே ஒரு விசையைத் தட்டினால் அக்காவின் கணினி திறந்துவிடும். விரல்கூட அந்தப் பக்கம் போயிற்று. ஆனால் குறுக்குவழியில் கிடைக்கும் உதவி ஒரு மனிதரின் சிந்தனையை எவ்வளவு பாழாக்கும்! விரலை மடக்கிக்கொண்டார்.

“என்ன புதிர் வந்துச்சு?”

அக்கா செல்போனைப் பார்த்துப் படித்தார். “ரெண்டு கதவு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு காவலாளி. ஒருத்தன் உண்மையே பேசுவான், இன்னொருத்தன் பொய்யே பேசுவான். ஒரே கேள்வி கேட்டு, வெளியே போற கதவைக் கண்டுபிடிக்கணுமாம். ஏன் தம்பி, பொய் சொல்றவனை எதுக்கு வேலையில வெச்சிருக்காங்க?”

“அக்கா, அது கற்பனை.”

“என் பொண்ணு கற்பனை இல்லையே! நானா இருந்தா கதவைத் தட்டி, ‘ஐயா, அவசரம், வழி விடுங்க’ன்னு கேப்பேன். மனுஷன்னா விட்டுடுவான்.”

“அது விடை இல்லை அக்கா.”

“வேற எது விடை?”

சார் புன்னகைத்தார். விடையைச் சொல்லிக் கெடுக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

அப்போது இயக்குநரின் அழைப்பு வந்தது: “எங்க இருக்கீங்க? கேடயம் காத்துட்டு இருக்கு!” சார் எழுந்து சட்டைப் பையைத் தடவினார். கதவைத் திறக்கும் கார்டு இல்லை. அந்த அறையைவிட்டு வெளியே போகவும் கார்டு வேண்டும். அதுவும் சாரின் சீர்திருத்தம்தான். குறை பதிந்தால் காவலர் வந்து திறப்பார். ஆனால் கேடயம் வாங்கும் நாளில் முதல் குறையைப் பதிவது யார்?

“அக்கா,” என்றார் கண்ணாடியில் மூக்கை ஒட்டி, “கேன்டீன்ல கார்டை விட்டுட்டேன் போல. திரும்பி வரும்போது கதவு திறந்தே இருந்துச்சு, கவனிக்கலை. கொஞ்சம் பாக்கறீங்களா?”

அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மூன்று மாடி இறங்கி, மேசை மேசையாகத் தேடி, மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கக் கார்டைக் கதவின் அடியில் தள்ளினார்.

சார் வெளியே வந்தார். “பாத்தீங்களா அக்கா, முயற்சி பண்ணினா வழி கிடைக்குது!”

“தம்பி, என் கம்ப்யூட்டர்…”

“விழா முடிஞ்ச கையோட அதான் முதல் வேலை,” என்று தலைவாரிக்கொண்டே ஓடினார்.

படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காவை, விழாவுக்குப் புறப்பட்ட வரவேற்பறைப் பெண் பார்த்துவிட்டாள். “என்னக்கா ஆச்சு? எழுந்திரிங்க, என் சீட்டுக்கு வாங்க. பொண்ணுக்குப் போன் போடுங்க, சர்டிபிகேட்டெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பட்டும்.” சரக்குப் பிரிவுக்காரர் படித்துச் சொல்ல, ஓட்டுநர் சரிபார்க்க, அவள் தட்டினாள். விழாவுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அந்த மேசையைச் சுற்றி நின்றுவிட்டார்கள். தெரிந்தவர்கள் உதவினார்கள், தெரியாதவர்கள் கடவுளை வேண்டிக்கொண்டார்கள்.

மேலே மண்டபத்தில் சார் உரையை முடித்தார். எதிரே வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். கீழே இருந்து திடீரென்று பெரிய கைதட்டல் கேட்டது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது. தனக்குத்தான் என்று நினைத்து, சார் அடக்கமாகத் தலைகுனிந்தார்.

இயக்குநர் கேடயத்தைக் கையில் கொடுத்துவிட்டு, மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியது.

“இத்தனை நாளும் இந்த ஆபீஸ்ல குறைதான் இல்லாம இருந்துச்சு,” என்றார். “இப்ப உங்ககிட்ட குறை சொல்ல வர்றதுக்கு ஒரு ஆள்கூட இல்லை. எல்லாம் நீங்க ஒருத்தரா செஞ்சது சார்!”