கத்திரிப் பாத்தியில் நான் செய்த சதி

எங்கள் வீட்டுக் கத்திரிச் செடிக்கு வாடல் நோய் வந்த அன்று, பொன்னேரியிலேயே சந்தோஷமாக இருந்த ஒரே ஆள் நான்தான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கத்திரிக்காய் பிடிக்காது. இருபத்திரண்டு வருஷமாக இந்த விஷயத்தை என் மனைவி சுமலதாவிடம் மறைத்து வந்திருக்கிறேன்.

கல்யாணமான புதுசில் கும்மிடிப்பூண்டியில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். நான் ஃபேக்டரியில் ஃபிட்டர். அங்கிருந்து கொண்டுவந்த காலி பெயிண்ட் டப்பாவில் மண் போட்டு, அரிசி களைந்த தண்ணீரை ஊற்றி, ஒரே ஒரு கத்திரிச் செடி வளர்த்தாள் சுமா. ஷிஃப்ட் முடிந்து வந்தால் சட்டையைக்கூடக் கழற்ற விடமாட்டாள். இழுத்துப்போய்ப் பூவைக் காட்டுவாள். முதலில் காய்த்த நான்கையும் எனக்கே பொரித்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“எப்டிகீது?”

“இந்த மாதிரி கத்திரிக்காயை என் ஜென்மத்துல துன்னதில்ல!”

பொய்யில்லை. ஆனால் அவள் முகம் பூத்ததைப் பார்த்ததும் மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அந்த டப்பாதான் பிறகு சொந்த வீட்டுக் கொல்லையில் பன்னிரண்டு செடிப் பாத்தி ஆனது. சாம்பார், பொரியல், கொத்சு. என் உடம்பில் ஓடுவது ரத்தம்தானா என்றே எனக்குச் சந்தேகம்.

அந்தப் பன்னிரண்டில் ஒன்றுதான் பச்சையாக இருக்கும்போதே தலை சாய்ந்தது. பக்கத்து வீட்டு ஹெலன் நாற்றுப் பண்ணையில் வேலை செய்பவள். தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்தினாள். வெட்டுவாயிலிருந்து பால் மாதிரி நூல்நூலாக இறங்கியது.

“பாக்டீரியா வாடல்க்கா. மண்ணுல கீது, மருந்துக்கு அடங்காது. புடுங்கி எரிச்சிடு. அண்ணே, இங்க கொத்துன களைக்கொத்தைக் கழுவாம அடுத்த செடிகிட்ட போயிடாதீங்க. மண்ணோட நோயும் வந்துடும்.”

“சேச்சே, போவேனா?” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன்.

“இன்னாய்யா அதிசயமா களை எடுக்கற?”

“நீயே எத்தினி வேலைதான் பாப்ப? போய் டிவி பாரு சுமா.”

நோய்க் குழியில் ஒரு கொத்து, நல்ல செடியில் ஒரு கொத்து. பூசாரி விபூதி கொடுப்பது போல் பதினொன்றுக்கும் பாரபட்சமில்லாமல் வழங்கினேன். மூன்று வாரத்தில் பாத்தி காலி.

கடைசிச் செடியைப் பிடுங்கியதும் சுமா மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அந்தப் பெயிண்ட் டப்பா செடியோட வெதைய்யா இது. வருஷா வருஷம் எடுத்து வெச்சிக்கினு வந்தேன்.”

அந்த ஒற்றை அறை ஜன்னல், கிரீஸ் கறையோடு நான் குனிந்து பார்த்த முதல் ஊதாப் பூ, என் தோளில் அவள் கை. அதையா கொத்திப் போட்டேன்?

“மூணு வருஷத்துக்கு இந்த மண்ணுல கத்திரி வெக்கக் கூடாதாம்,” என்றேன். வருத்தத்தோடுதான். முக்கால்வாசி வருத்தம்.

“சரிய்யா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான்கு மாதம் என் தட்டுக்குச் சுதந்திரம். பிறகு ஒரு நாள் சுமா என்னை ஹெலன் வீட்டு மாடிக்குக் கூட்டிப்போனாள். வரிசையாக முப்பது பை. புது மண். முப்பதிலும் கத்திரி, கொத்துக் கொத்தாகக் காயோடு.

“அடியில சுண்டைக்காய்த் தண்டு, மேல மிச்சமிருந்த நம்ம வெதையில வந்த செடி. ஹெலன்தான் ஒட்டுக்கட்டக் கத்துக்குடுத்தா. வாடல் லேசுல அண்டாதாம். ரெண்டு வருஷம் காய்க்குமாம்!”

அன்று மதியம் என் தட்டில் பாதி சோறு, பாதி கத்திரிக்காய். இனிமேல் தாங்காது என்று வாயைத் திறந்தேன்.

“சுமா, அந்தப் பதினோரு செடியும் நான்தான்...”

“தெரியும். நீ களை எடுத்த வரிசையிலயேதான ஒண்ணொண்ணா சாஞ்சிது?”

“எனக்குக் கத்திரிக்காய்...”

“புடிக்காது. அதுவும் தெரியும். வாய்க்கு வாய் தண்ணி குடிச்சித்தான முழுங்கற.”

“அப்புறம் ஏம்மா சமைச்ச?”

“நீயா சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன். சொல்லாம செடியைக் கொன்ன. இப்ப துன்னு.”

தனக்கும் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் தட்டை எட்டிப் பார்த்தேன்.

உருளைக்கிழங்கு வறுவல்.