ஐந்தாம் வரிசைப் பார்வை

பாடகர் உச்சத்துக்குப் போய், கண்மூடி, உருகி நின்ற அதே நொடியில் யாரோ ஒரு புண்ணியவான் எழுந்து கேமராவை மறைத்துவிட்டார். படத்தில் குரல் இருந்தது. பாடகர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முதுகு இருந்தது.

எடிட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். இசை நாடகங்களில் வரும் காதல் பாடல்களை மட்டும் தொகுத்துப் பாடிய கச்சேரி அது. படம் பிடிக்க வரவேண்டிய ஒருவர் வராமல் போனதால், அன்று மேடை ஓரத்துக் கேமராவுக்கு எடிட்டரே காவல். கேமராவைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு, பக்கத்தில் ஒதுங்கி நின்று கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் பதிவாகிவிடக் கூடாதே என்று உதட்டை மட்டும் அசைத்து எல்லாப் பாட்டையும் பாடித் தீர்த்திருந்தார். காதல் பாட்டென்றால் அவருக்கு உயிர். நாற்பதை நெருங்கியும் காதலிக்கத்தான் ஆள் வாய்க்கவில்லை.

முதுகை மறைக்க ஏதாவது கிடைக்குமா என்று தன் கேமரா பிடித்ததைத் துழாவியபோதுதான் அவள் கிடைத்தாள். ஐந்தாம் வரிசை. இடது கன்னத்தில் மச்சம். கண்ணில் நீர், உதட்டில் சிரிப்பு. ஜன்னல் திரை மூடிய எடிட்டிங் அறையில் எப்போதும் அந்தி நேரம்தான். அன்று அதில் நிலவும் வந்துவிட்டது.

ஒரே ஒரு குறை. அவள் பார்வை பாடகர் பக்கம் இல்லை, எதிர்ப்பக்கம் போனது. எடிட்டருக்கு இதெல்லாம் ஒரு வேலையா? கண்ணாடியில் தெரிவதுபோல் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டார். பார்வை நேராகப் பாடகர் மேல் விழுந்தது. மச்சம் வலக் கன்னத்துக்குக் குடிபெயர்ந்தது.

பார்க்க வந்த பாடகர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"நிறுத்து தம்பி! யார் இவங்க?"

"தெரியலை சார். முதுகை மறைக்கப் போட்டேன்."

"என்னை எப்படிப் பாக்குறாங்க பாரு! கல்யாணமே வேண்டாம்னு இருந்தவன் நான். இப்ப நெஞ்சு என்னமோ பண்ணுது."

எடிட்டருக்கு வயிறு பற்றி எரிந்தது. மறுநாளே அவளை வெட்டிவிட்டு, மேடைத் திரைச்சீலையைப் போட்டார்.

"எங்கப்பா அவங்க? பாட்டுல உயிரே போச்சே!" என்று பாடகர் குதித்தார். "எல்லாப் பாட்டுலயும் போடு!"

போட்டார். கூடப் பாடிய பாடகி சண்டைக்கு வந்தார்.

"அது டூயட்டுங்க. 'நிலவே'ன்னு அவர் கூப்பிடுறது என்னை. நீங்க அஞ்சாம் வரிசையைக் காட்டுறீங்க. அப்ப நான் யாரு, தெருவிளக்கா?"

எடிட்டர் கடைசியில் ஒரு பொய்யை எடுத்து விட்டார்.

"சார், சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். அந்தம்மா பாதிப் பாட்டுல தூங்கிட்டாங்க."

பாடகர் கண் கலங்கினார். "என் குரல் தாலாட்டா இருந்திருக்கு! பாவம், எத்தனை நாளாத் தூக்கமில்லையோ. தம்பி, இவங்களை விடக் கூடாது. போஸ்டர்ல நானும் அவங்களும் எதிரெதிரா நிக்கணும். பார்த்துட்டுத் தேடி வருவாங்க. வந்ததும் கல்யாணத்துக்குக் கேட்டுடுறேன்."

இருவரையும் போஸ்டரில் சேர்த்து ஒட்டும் வேலையும் எடிட்டர் தலையிலேயே விழுந்தது. ஒட்டி முடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜோடிப் பொருத்தம் வேறு நன்றாக இருந்து தொலைத்தது.

போஸ்டர் ஊரெல்லாம் ஏறியது. ஒரு மத்தியானம், அதில் ஒன்றைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி கல்லூரிப் பெண் ஒருத்தி பாடகரும் எடிட்டரும் இருந்த அறைக்குள் நுழைந்தாள்.

"யார் சார் இதைச் செஞ்சது? எங்கக்கா முகத்தைக் கேக்காமக் கொள்ளாமப் போட்டிருக்கீங்க. அதுவும் மச்சத்தைக் கன்னம் மாத்தி!"

பாடகர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"தப்புதாம்மா. மன்னிச்சிடு. அக்காவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லை. அதுக்கும் இதுக்கும் என்ன?"

எடிட்டர் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். இதைக் கண்ணால் பார்க்க அவரால் முடியாது. திரையில் அவள் மெல்ல, மிக மெல்ல இமை தாழ்த்தினாள். அவரும் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு ஓடியது, பழக்கதோஷம், உதடு தானாக அசைந்தது.

"சம்பந்தம் இருக்கும்மா," என்றார் பாடகர் குழைந்து. "அன்னைக்கு அக்கா என்னையே அப்படி ஒரு பார்வை பார்த்துட்டிருந்தாங்களே..."

அந்தப் பெண் எடிட்டரின் உதட்டையே உற்றுப் பார்த்தாள். கையிலிருந்த போஸ்டர் நழுவிக் கீழே விழுந்தது.

"உங்களையா சார் அக்கா பார்த்தா? மேடை ஓரத்துல, கேமராவுக்குப் பக்கத்துல ஒருத்தர் கண்ணை மூடிக்கிட்டு எல்லாப் பாட்டுக்கும் வாயசைச்சுட்டு நின்னாராம். அன்னைக்கிலிருந்து அவரைத்தான் தேடிக்கிட்டிருக்கா!"